கையால் தாள் போட மோல்டு, டெக்கிள் செய்வது: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் கையால் தாள் போடப் பழகுகிறவர்கள் நாரை அரைத்துத் தண்ணீரில் கரைத்த கூழைப் பற்றிக் கேட்பதைவிட, அதை அள்ளும் மரச் சட்டத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். வாட்ஸ்அப் குரல் பதிவாக வந்தவை, பட்டறை வாசலில் நின்று கேட்டவை, போனில் பாதியில் அறுந்தவை எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டவர்கள் வார்த்தையிலேயே போட்டிருக்கிறேன். அளவாக "நூல்" என்று வரும் இடமெல்லாம் ஆசாரி கணக்கு: எட்டு நூல் ஓர் அங்குலம்.

மோல்டுன்னா எது, டெக்கிள்னா எது? ரெண்டும் ஒரே மாதிரி ஃப்ரேமாத்தானங்க இருக்கு?

வலை அடித்த கீழ்ச் சட்டம் மோல்டு. வலை இல்லாமல் அதன்மேல் சும்மா உட்காரும் மேல் சட்டம் டெக்கிள். இரண்டையும் சேர்த்துப் பிடித்துக் கூழ்த் தொட்டிக்குள் இறக்கி, மட்டமாகத் தூக்கினால் தண்ணீர் வலை வழியே இறங்கிவிடும், நார் வலைமேல் தங்கும். டெக்கிளை எடுத்துவிட்டு மோல்டை ஈரக் கம்பளிமேல் கவிழ்த்து அழுத்தினால் தாள் கம்பளிக்கு மாறிவிடும்.

மோல்டின் வேலை தண்ணீரை எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் வடியவிடுவது. டெக்கிளின் வேலை கூழ் எதுவரை, எவ்வளவு உயரம் நிற்கலாம் என்று எல்லை போடுவது. கீழே வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு வேலைகளில் ஒன்று கெட்டதால் வருபவைதான்.

மொதல்ல சட்டம் செய்யணுமா, தொட்டி வாங்கணுமா?

தொட்டி. பாத்திரக் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் டப்புகளுக்குக் கடைக்காரர் சொல்லும் அளவு மேல்வாய் அளவு. அடியில் குறுகிவிடும். சட்டத்தை இறக்கி, தண்ணீருக்குள் மட்டமாகத் திருப்பித் தூக்க, நான்கு பக்கமும் கை நுழைய இடம் வேண்டும். ஏ4 சட்டத்துக்கு அடிப்பாகத்தில் ஒன்றரை அடிக்கு இரண்டடி உள்ள டப் வசதியாக இருக்கும். சட்டத்தை முதலில் செய்துவிட்டு அதற்கேற்ற டப் தேடிக் கடைவீதியில் அலைகிறவர்கள் நிறையப் பேர்.

எந்த மரம் வாங்கறது? தேக்கு இல்லாம முடியாதா?

ஐரோப்பாவில் பழைய மோல்டுகளுக்கு மகோகனி பயன்படுத்தினார்கள். நமக்குத் தேக்கு. ஈரத்திலும் காய்ச்சலிலும் மாறி மாறி இருந்தும் முறுக்காத மரம்தான் தேவை. புது மரத்தைவிட, இடித்த வீட்டு ஜன்னல் சட்டம் மேல். பல வருடம் காய்ந்து அடங்கியிருக்கும். பழைய மரக் கடையில் ஒரு ஜன்னல் கட்டை வாங்கி ரீப்பராக (மெல்லிய நீளக் கட்டையாக) அறுத்தால் இரண்டு செட் தேறும். ஆணி முழுவதையும் பிடுங்கிவிட்டு ரம்பத்துக்குக் கொடுங்கள், இல்லாவிட்டால் மில்காரர் சண்டைக்கு வருவார். தேக்கும் ஆரம்பத்தில் கொஞ்சம் பழுப்புச் சாயம் விடும். சட்டத்தைச் சில நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீர் தெளியும்வரை மாற்றிக்கொண்டிருந்தால் போதும்.

வேங்கை வேண்டாம். நல்ல உறுதியான மரம்தான், ஆனால் தண்ணீரில் நிறம் இறங்கிக்கொண்டே இருக்கும். சர்க்கரை நோய்க்காரர்கள் வேங்கைக் குவளையில் தண்ணீர் ஊற்றி வைத்துக் குடிப்பார்களே, காலையில் அந்தத் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். அந்த நிறம் உங்கள் வெள்ளைத் தாளில் ஏறும்.

ஏற்காட்டு நண்பர்கள் காபித் தோட்டத்து சில்வர் ஓக்கைக் கேட்கிறார்கள். கைக்குச் சுலபமான மரம், மலிவு. ஆனால் ஈரம் தாங்காது, சீக்கிரம் உளுத்துவிடும். பழகுவதற்கு ஒரு டெக்கிள் செய்துகொள்ளலாம், மோல்டுக்கு எடுக்க வேண்டாம். எம்டிஎஃப் பலகை பக்கமே போகாதீர்கள், ஊறி உப்பிவிடும்.

ஏ4 தாள் வேணும்னா உள்ளளவு 210க்கு 297 மில்லிமீட்டர்தானே?

அப்படிச் செய்தால் காய்ந்த தாள் ஏ4-ஐவிடச் சின்னதாகும். தாள் காயும்போது சுருங்கும். திருப்பூர் பனியன் வேஸ்ட் மாதிரிப் பருத்திக் கூழ் என்றால் நூற்றுக்கு இரண்டு மூன்று என்று வைத்துக்கொள்ளலாம். அதிகம் அரைத்த கூழ் இன்னும் சுருங்கும். அதனால் 216க்கு 305 என்று போடுங்கள். மீதியைக் கத்தரித்துக்கொள்ளலாம்.

இந்த அளவு டெக்கிளின் உள்ளளவு. மோல்டின் உள்ளளவு அதைவிட ஒவ்வொரு பக்கமும் ஒரு நூல் பெரிதாக இருக்கட்டும். தலைகீழாக, டெக்கிள் வாய் பெரிதாகவும் மோல்டு வாய் சிறிதாகவும் அமைந்துவிட்டால் ஓரத்துக் கூழ் வலைக்கு அடியில் மரம் இருக்கும் இடத்தில் நிற்கும். அங்கே தண்ணீர் இறங்க வழியில்லை. தாளின் நான்கு ஓரமும் சேறாக இருக்கும், கவிழ்க்கும்போது பிதுங்கும்.

ரீப்பர் என்ன கனத்துல அறுக்கச் சொல்றது?

ஏ4-க்கு ஓர் அங்குல அகலம், ஆறு நூல் கனம். அதற்குக் கீழே போனால் முறுக்கும், மேலே போனால் ஈரத்தில் கை வலிக்கும். ஏ5-க்கு ஆறு நூல் சதுரக் கட்டை போதும். டெக்கிள் உயரத்துக்குத் தனிக் கணக்கு உண்டு, பின்னால் வருகிறது.

மூலையில ரெண்டு ஆணி அடிச்சா பத்தாதா?

பத்தாது. நாற்பத்தைந்து பாகையில் வெட்டி, ஆணி அடித்த போட்டோ ஃப்ரேம் மூலை, தண்ணீரில் இறங்கிய சில நாளில் வாய் பிளக்கும். இரும்பு ஆணி துருப்பிடித்துக் கறை விடுவது தனி. ஒவ்வொரு கட்டையிலும் பாதிக் கனம் வெட்டியெடுத்து ஒன்றன்மேல் ஒன்று உட்கார வைக்கும் பொருத்துதான் வீட்டில் செய்ய லேசானது. பட்டறையில் ஆஃப் லேப் என்று சொன்னால் புரியும். ஒட்டிய பிறகு மூலைக்கு இரண்டு மூங்கில் ஆணி இறக்கிவிடுங்கள். சாதாரண வெள்ளைப் பசை தண்ணீரில் இளகும், ஆகவே தண்ணீர் தாங்கும் பசையாகக் கேட்டு வாங்குங்கள். அரால்டைட்டும் ஆகும்.

பசை காய்வதற்குள் இரண்டு சோதனை. மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்தால் ஒரே அளவு வர வேண்டும். பிறகு ஒரு கண்ணாடிப் பலகைமேல் வைத்து நான்கு மூலையையும் மாற்றி மாற்றி விரலால் அழுத்துங்கள். டக் டக் என்று ஆடினால் சட்டம் முறுக்கியிருக்கிறது, கனத்தை வைத்துக் கண்ணாடியோடு காயவிடுங்கள். மூலைமட்டத்தைவிட இந்தக் கண்ணாடியைத்தான் நான் நம்புவேன்.

வலைக்கு என்ன போடறது? கொசு வலை ஆகுமா?

ஆகும். ஃபைபர் கொசு வலையில் அங்குலத்துக்குப் பதினாறு, பதினெட்டு கண் இருக்கும். கனமான தாளுக்கு அது போதும். மெல்லிய தாள் போட்டால் வலையின் கட்டம் முகத்தில் தெரியும், குட்டை நார் ஒழுகிப் போகும். நல்ல தாளுக்கு 30 முதல் 40 மெஷ் எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) வலை, அதாவது அங்குலத்துக்கு 30, 40 கண். ஜவ்வரிசி ஆலைகள் உள்ள ஊர் என்பதால் சல்லடை வலை இங்கே புது விஷயமில்லை. வலைக் கடையில் மெஷ் எண் சொல்லிக் கேளுங்கள். 304 தரம் வாங்கினால் துருக் கவலை இல்லை. பித்தளை வலையும் அருமைதான், ஆனால் விரல் பட்டால் பள்ளம் விழும், விழுந்தது எழும்பாது.

அலுமினிய கொசு வலை வேண்டாம். துணியைச் சோடா உப்பிலோ சுண்ணாம்பிலோ வேக வைத்த கூழில் காரம் மிச்சம் இருக்கும், காரம் அலுமினியத்தைத் தின்னும். வலை கறுத்து, பிறகு பொடிப் பொடியாக உதிரும்.

சன்னமாக இருந்தால் தாள் வழவழப்பாக வரும் என்று ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் 120 மெஷ் போல்டிங் துணி வாங்குகிறவர்கள் உண்டு. தண்ணீர் இறங்காமல் நிற்கும். இறங்குவதற்குள் நார் கட்டி கட்டியாகச் சேர்ந்துவிடும். அந்தத் துணிதான் வேண்டுமென்றால் கீழே ஒரு கரடுமுரடான வலை கொடுத்து அதன்மேல் விரியுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி தண்ணீரைக் கீழே இழுக்கும்.

எப்படி இழுத்தாலும் வலை தொங்குதுங்க. ஏதாவது சூட்சுமம் இருக்கா?

மூலையிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள், அதுதான். ஒரு நீளப் பக்கத்தின் நடுவில் ஒரு பின், எதிர்ப் பக்கத்தின் நடுவில் இழுத்து ஒரு பின், அப்படியே குட்டைப் பக்கங்களுக்கும். பிறகு நடுவிலிருந்து மூலையை நோக்கி எதிரெதிராகப் போங்கள். மூலை கடைசி. துணி வலையாக இருந்தால் நனைத்துவிட்டு இழுங்கள்.

வலை கயிற்றுக் கட்டில் மாதிரி நடுவில் தொங்கினால் கூழ் அங்கே சேரும். தாள் நடுவில் கனத்து ஓரத்தில் மெலியும். கவிழ்க்கும்போது நடுவில் காற்று சிக்கிக் கொப்புளம் வேறு விழும்.

பின்னை மேல்முகத்தில் அடிக்காதீர்கள். வலையைச் சட்டத்தின் வெளிப் பக்கவாட்டுக்கு மடித்து அங்கே அடித்தால் மேல்முகம் சுத்தமாக இருக்கும், டெக்கிள் படிந்து உட்காரும். வலையின் வெட்டிய விளிம்பை ஒருமுறை மடித்து அடியுங்கள், எஸ்எஸ் கம்பி முனை கையைக் கிழிக்கும். பின் எஸ்எஸ் ஆகவோ, பித்தளை ஆகவோ இருக்கட்டும்.

குறுக்குக் கட்டை கண்டிப்பா வேணுமா?

ஏ5-க்கு வேண்டாம். ஏ4-க்கு இரண்டு மூன்று. 22க்கு 30 அங்குலத் தாளுக்குக் கட்டாயம், அதுவும் அங்குலம் ஒன்றரை அங்குலத்துக்கு ஒன்று. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்தப் பெரிய சட்டத்தில் 15 மி.மீ. உயரம் கூழ்த் தண்ணீர் நின்றாலே ஆறு கிலோவுக்கு மேல். எவ்வளவு இறுக்கிய வலையும் அந்தக் கனத்துக்கு இறங்கும். கட்டைகளைக் குட்டைப் பக்கத்துக்கு இணையாக வையுங்கள், நீளம் குறையக் குறைய வளைவும் குறையும்.

கட்டையின் மேல்முகம் தட்டையாக இருந்தால் அந்த இடத்தில் தண்ணீர் அடைபடும், தாளில் வரிவரியாக நிழல் விழும். அதனால் ஆப்பு வடிவில் இழையுங்கள்: வலையைத் தொடும் விளிம்பு ஒரு நூலுக்கும் குறைவு, அதற்குக் கீழே உடல் தடித்து, அடியில் மறுபடி மெலிந்து. மெல்லிய அடிவிளிம்பு வழியாகத் தண்ணீர் ஒழுகிச் சொட்டும். வலையைக் கட்டையோடு மெல்லிய செம்புக் கம்பியால் இரண்டு அங்குலத்துக்கு ஒரு தையல் போட்டு இறுக்குங்கள். கட்டையின் மேல்விளிம்பு சட்டத்தின் முகத்தோடு ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். ஒரு முடி கனம் ஏறி நின்றாலும் தாள் காட்டிக்கொடுக்கும்.

டெக்கிள் எவ்வளவு உயரம் இருக்கணும்? ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்க.

ஒவ்வொருவர் கூழும் ஒவ்வோர் அடர்த்தி, அதனால் எல்லோரும் சொல்வது சரியாகவே இருக்கும். லிட்டருக்கு 10 கிராம் காய்ந்த நார் என்ற அடர்த்தியில் தொட்டி இருக்கிறது என்று வையுங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் என்பது ஒரு லிட்டர், அதில் 10 கிராம் நார். ஆக டெக்கிளின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஏறக்குறைய 10 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை). 15 மி.மீ. டெக்கிள் முழுக்க நிறைந்து வந்தால் 150 ஜிஎஸ்எம். ஜெராக்ஸ் தாளைப்போல இரண்டு மடங்கு கனம்.

கூழ் பாதி அடர்த்தி என்றால் கனமும் பாதி. தூக்கும்போதே கொஞ்சம் வடிந்து அதன்மேல் மேலும் கூழ் ஏறுவதால் கணக்கைவிடச் சற்றுக் கூடும், சாய்த்து உதறிவிட்டால் குறையும். இருந்தாலும் எங்கே ஆரம்பிப்பது என்று இந்தக் கணக்கு சொல்லிவிடும். 12 முதல் 20 மி.மீ.க்குள் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். கல்யாணப் பத்திரிகைக்குக் கனமான அட்டை வேண்டுமென்றால் கூழைக் கெட்டியாக்குவதைவிட உயரமான டெக்கிள் ஒன்று தனியாகச் செய்துகொள்ளுங்கள். கெட்டிக் கூழில் நார் முடிச்சு விழும்.

டெக்கிளுக்கு அடியில கூழ் கசிஞ்சு ஓரம் பிசிறா வருது. தப்பா?

கொஞ்சம் பிசிறு கைத்தாளின் இயல்பு, அதற்காகவே விலை கொடுத்து வாங்குகிறார்கள். ஒரே பக்கம் மட்டும் அரை அங்குலத்துக்கு நாக்கு நீட்டினால் சட்டம் முறுக்கியிருக்கிறது, அல்லது பின் தலை தூக்கியிருக்கிறது. மேலே சொன்ன கண்ணாடிச் சோதனையை இரண்டு சட்டத்துக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். முறுக்கு லேசாக இருந்தால் டெக்கிளின் அடியில் மெல்லிய ஃபோம் பட்டி ஒட்டிச் சமாளிக்கலாம்.

சுத்தமான ஓரம் வேண்டுமென்றால் டெக்கிளின் உள்விளிம்பைச் சரிவாக இழையுங்கள். வலையைத் தொடும் அடி கூராகவும் மேலே போகப்போக வெளிப்பக்கம் சாய்ந்தும் இருக்க வேண்டும். டெக்கிளைத் தூக்கும்போது செங்குத்துச் சுவரில் ஒட்டி நிற்கும் கூழ்த் தண்ணீர் தாள்மேல் சொட்டிக் குழி போடுமே, அதுவும் குறையும். டெக்கிளை நேராகத் தூக்காமல் ஒரு பக்கத்தைக் கீல் மாதிரி ஊன்றித் திறப்பது நல்லது.

வார்னிஷ் அடிக்கலாமா?

வலை அடிப்பதற்கு முன் அடியுங்கள். படகுக்குப் பூசும் வகை வார்னிஷ், இரண்டு பூச்சு, குறுக்கு வெட்டு முனைகளில் மூன்று. தேக்கு என்றால் லின்சீட் எண்ணெய் தேய்த்தாலே போதும் என்பது என் கட்சி.

சேலத்துல செஞ்சப்ப டெக்கிள் லூசா இருந்துச்சு. ஏற்காட்டுக்கு எடுத்துட்டுப் போனா மாட்டிக்கிட்டு வர மாட்டேங்குது.

மோல்டின் வெளிப்புறத்தைக் கவ்வும்படி காடி (உள்விளிம்பில் பள்ளம்) எடுத்த டெக்கிளாக இருக்கும். மேலே தட்டையாக உட்காரும் டெக்கிளுக்கு இந்தத் தொல்லை வராது. மரம் நீளவாக்கில் அவ்வளவாக வளராது, அகலவாக்கில்தான் உப்பும். ஏப்ரல் வெயிலில் சேலத்தில் காய்ந்து கிடந்த கட்டை, ஐப்பசி மழையில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்து மூடுபனிக்குப் போனால் ஊதத்தான் செய்யும். காடியில் சுற்றிலும் அரை நூல் இடைவெளி விட்டுச் செய்யுங்கள். இன்னும் நல்லது, சட்டத்தை ஒரு ராத்திரி ஊறப்போட்டு, ஊறிய நிலையில் காடியை இழைத்துச் சரிபார்ப்பது. வேலை செய்யும்போது அது ஊறித்தானே இருக்கப் போகிறது.

தாள் மோல்டை விட்டு வரவே மாட்டேங்குது. வலையா, கம்பளியா, எது குத்தம்?

முதலில் கம்பளியைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்த கம்பளி தாளைப் பிடிக்காது, நனைத்துப் பிழிந்ததாக இருக்க வேண்டும். அது சரி என்றால் வலை. பருத்தித் துணியையோ பழைய புடவையையோ வலையாகக் கட்டியிருந்தால் அதன் பஞ்சு முடி நாரைப் பிடித்துக்கொள்ளும். மிகவும் கரடான வலையில் நார் கண்ணுக்குள் இறங்கிப் பூட்டிக்கொள்ளும். மூன்றாவது, முந்தைய கூழ் வலையில் காய்ந்து ஒட்டியிருப்பது.

வேலை முடிந்ததும் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, நிழலில் படுக்க வைத்துக் காயவிடுங்கள். சுவரில் சாய்த்தால் முறுக்கும். போர்த் தண்ணீர் உப்பு வலையில் வெள்ளையாகப் படிந்தால் எஸ்எஸ் வலைக்குத் தண்ணீர் கலந்த வினிகர் தடவி, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாக அலசலாம்.

பிவிசி பைப், எம்ப்ராய்டரி வளையம், ஸ்கிரீன் பிரிண்டிங் ஃப்ரேம் எல்லாம் யூடியூப்ல காட்டறாங்களே?

பைப்பில் டெக்கிள் உட்காராது, உருண்டை. எம்ப்ராய்டரி வளையம் குழந்தைகளுக்கு நல்ல ஆரம்பம். ஸ்கிரீன் பிரிண்டிங்கின் அலுமினிய ஃப்ரேம் முறுக்காது, அதில் துணியைக் கழற்றிவிட்டு எஸ்எஸ் வலையை எபாக்ஸியால் ஒட்டினால் நல்ல மோல்டு கிடைக்கும். வலைக்குச் சொன்ன காரப் பிரச்சினை இங்கும் உண்டு, ஆனால் ஃப்ரேம் தடிமன் என்பதால் கழுவி வைத்தால் தாக்குப்பிடிக்கும்.

பழைய தாள்ல கோடு கோடா தெரியுமே, அந்த மாதிரி வலை எப்படிச் செய்யறது?

அது நெய்த வலையில் வராது. ஒரே திசையில் நெருக்கமாகக் கம்பிகளை அடுக்கி, அங்குலத்துக்கு ஒரு இடத்தில் குறுக்கே கட்டிய படல் அது. 1750களில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் வாட்மன் நெய்த கம்பி வலையில் வழவழத் தாள் போடும்வரை ஐரோப்பாவில் எல்லாத் தாளும் இப்படிக் கோடு விழுந்த தாள்தான். ராஜஸ்தானின் சாங்கனேரில் பரம்பரையாகத் தாள் போட்ட காகஜிகள் கம்பிக்குப் பதில் புல் தண்டைக் குதிரை முடியால் கட்டிய சுருட்டக்கூடிய படலை வைத்துத் தாள் போட்டார்கள். ஜப்பானில் மூங்கில் சீவலும் பட்டு நூலும்.

தென்னை ஈர்க்கில் கட்டலாமா என்று கேட்கிறார்கள். ஈர்க்கு ஒரு முனை தடித்து மறு முனை மெலியும். தடித்ததும் மெலிந்ததும் மாற்றி மாற்றி அடுக்கினாலும் கோடு கரடாகவே விழும். மூங்கிலை ஒரு மி.மீ. கனத்துக்குச் சீவி, தகட்டுத் துளையில் இழுத்து உருட்டினால் சீராக வரும். கட்டுவதற்குப் பாய் முடைகிற முறையே போதும்: ஒரு குறுக்குச் சட்டத்தில் அங்குலத்துக்கு ஒரு நூல் ஜோடி, ஒவ்வொரு நுனியிலும் ஒரு கனம், ஒரு குச்சி வைத்ததும் முன் நூலும் பின் நூலும் இடம் மாறும். பொறுமை இருப்பவர்களுக்கு மட்டும்.

எங்க கடை பேரு வாட்டர்மார்க்கா வரணும். எழுத்தை நேரா வைக்கறதா, திருப்பி வைக்கறதா?

இத்தாலியின் ஃபாப்ரியானோவில் 1282 வாக்கிலேயே செய்த வேலை, முறை இன்றும் அதேதான்: கம்பியை வளைத்து வலைமேல் தைத்தால் அங்கே கூழ் மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்து தெரியும். எழுத்தை மோல்டின்மேல் நேராகத் தைத்தால், கம்பளியில் ஒட்டிய பக்கத்திலிருந்து பார்க்கும்போது நேராகப் படிக்கலாம். வலை பட்ட பக்கத்திலிருந்து பார்த்தால் இடவலம் மாறும். எந்தப் பக்கத்தில் அச்சடிக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டுக் கம்பியைத் தொடுங்கள்.

முக்கால் மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதும். வளைக்க வராவிட்டால் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசு வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள், அவர் கைக்கு இது சின்ன வேலை. ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள்: கம்பிமேல் கம்பி ஏறக் கூடாது. 'ழ', 'ஐ' மாதிரி சுழிக்கும் எழுத்துகளிலும், சிக்குக் கோல வடிவத்திலும் கோடு கோட்டைத் தாண்டும். அங்கே கம்பியை வெட்டி, முனையோடு முனை முட்டும்படி பற்ற வைக்க வேண்டும். ஏறி நின்றால் அந்த இடத்தில் தாள் ஓட்டையாகும். மெல்லிய கம்பியால் நெருக்கமாகத் தையுங்கள், தூக்கிய கம்பி கவிழ்க்கும்போது தாளைக் கிழிக்கும்.

நானும் வீட்டுக்காரரும் சேர்ந்து போடறோம். ரெண்டு செட் செய்யணுங்களா?

இரண்டு மோல்டு, ஒரு டெக்கிள். ஐரோப்பிய ஆலைகளில் அப்படித்தான் நடந்தது. ஒருவர் தாள் எடுத்து, டெக்கிளைக் கழற்றிக்கொண்டு, மோல்டை மட்டும் அடுத்தவரிடம் தள்ளுவார். அவர் அதைக் கவிழ்ப்பதற்குள் இவர் இரண்டாவது மோல்டில் அதே டெக்கிளைப் போட்டு அடுத்த தாளை எடுத்துவிடுவார். டெக்கிள் ஒன்றே என்பதால் தாள் அளவு மாறாது.

இரண்டு மோல்டுக்கும் கட்டைகளைச் சேர்த்து வைத்து ஒரே தடவையில் அறுக்கச் சொல்லுங்கள். தனித்தனி நாளில் செய்தால் அரை நூலாவது மாறும், டெக்கிள் ஒன்றில் உட்கார்ந்து மற்றொன்றில் ஆடும். முடிந்ததும் டெக்கிளை இரண்டிலும் வைத்துப் பாருங்கள், பிறகு அரைச் சுற்றுத் திருப்பியும் பாருங்கள். எந்தத் திசையில் நன்றாகப் படிகிறதோ அந்த மூலையில் மூன்று சட்டத்திலும் உளியால் ஒரு சின்ன வெட்டுக் குறி போட்டுவிடுங்கள். ஈரக் கையில் பேனாக் குறி நிற்காது.